‘அல்லது’ என்னும் ஒரு சொல்

சட்ட ஏடுகளில் சிறு சொற்கள் பெரும்பணி ஆற்றுவதுண்டு. 1967இல் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறி, 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் இசைவு பெற்ற இந்து திருமணத் திருத்தச் சட்டத்திலே அத்தகைய சொல் ஒன்றுண்டு. ‘அல்லது’ என்பதே அச்சொல். உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவரும் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாகத் தமக்கு விளங்கும் மொழியில் அறிவித்தல். அல்லது மாலை மாற்றுதல், மோதிரம் அணிவித்தல். அல்லது தாலி கட்டுதல் — இவற்றுள் எதுவொன்று நடப்பினும் மணம் மணமே என்றது 7-அ பிரிவு. தீ வளர்க்க வேண்டா. தீயைச் சுற்றி ஏழடி நடக்க வேண்டா. புரியாத மொழியிலே ஓத ஆள் வேண்டா. தாலியும் வேண்டுவோர்க்கு உண்டு, வேண்டாதார்க்கு இல்லை!

அச்சொல் எளிதிற் கிடைத்ததா? நாற்பதாண்டுக் காலம் காத்துக் கிடந்து பெற்ற சொல் அது!

1928இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில், பெரியார் தலைமையில், புரோகிதரின்றி மணவிழா நடந்தது. அதன்பின் ஊர்தோறும் அத்தகைய மணங்கள். விதவை மணந்தாள், சாதி கடந்து மணந்தனர், மேடையே மணப்பந்தலாயிற்று, சொற்பொழிவே மந்திரமாயிற்று. ஊர் ஏசிற்று, உறவு ஒதுக்கிற்று, பண்பாடு பாழாயிற்று என்று பழமை புலம்பிற்று. மணந்தோர் அஞ்சவில்லை, குடும்பம் நடத்தினர், மக்களைப் பெற்றனர், ஆளாக்கினர்.

ஆனால், சொத்து வழக்கு என்று ஒன்று வந்து சேர்ந்தபோதுதான், வாழ்ந்த வாழ்வுக்கு ஆவணம் கேட்கப்பட்டது. 1953இல் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சாத்திரம் கூறும் சடங்குகள் நடைபெறவில்லை, தொன்றுதொட்டு வரும் வழக்கம் என்று காட்டவும் வழியில்லை, ஆகவே இம்மணம் செல்லாது! எண்ணிப் பாருங்கள், தோழர்களே! ஊரறிய மணந்து, ஒரு கூரையின்கீழ் வாழ்ந்து, இன்ப துன்பங்களில் பங்கு கொண்ட பெண்ணொருத்தி, தீர்ப்பு வெளியான மறுகணமே மனைவியல்லள் ஆகிறாள். அவள் ஈன்ற மகவு முறைதவறிப் பிறந்தது எனப்படுகிறது. அவள் செய்த குற்றம் என்ன? புகை சூழாத இடத்தில் மாலை மாற்றிக்கொண்டது! இரண்டாண்டு கழித்து, 1955இல் பாராளுமன்றம் இயற்றிய இந்து திருமணச் சட்டமும் வழக்கமான சடங்குகளையே பேசிற்று, இவர்களைக் கண்டுகொள்ளவில்லை.

மன்றம் மூடிய கதவை மக்கள் திறந்தனர். 1967 பொதுத் தேர்தலில் வாக்காளர் அளித்த தீர்ப்பால் அண்ணா முதலமைச்சரானார். அவ்வாண்டிலேயே சட்டம் பிறந்தது. இனி நடப்பவை மட்டுமன்று, முன்னர் நடந்தவையும் செல்லும் என்று அச்சட்டம் கூறியது. நேற்றுவரை ‘வைப்பு’ என்று இகழப்பட்டவள், சட்டத்தின் கண்ணுக்கும் மனைவியானாள். சட்டமா அந்த மணங்களை உண்டாக்கிற்று? இல்லை. மணங்கள் நாற்பதாண்டு முன்னரே நடந்துவிட்டன. சட்டம் காலந்தாழ்த்தி வந்து வணங்கி நின்றது!

இவ்வரலாற்றை நாம் எடுத்தோதுவது பழம்பெருமை பேசுதற்கன்று. அதே கதவின் முன்னே இன்று வேறு சிலர் நிற்கின்றனர். ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும், திருநங்கையரும் திருநம்பியரும், ‘நாங்களும் மணந்து வாழ விழைகிறோம்’ என்கின்றனர். அவர்தம் அன்பையே குற்றமென்றது 377ஆம் பிரிவு. 2018 செப்டம்பர் 6ஆம் நாள், மனமொத்த வயதுவந்தோரிடை அது குற்றமன்று என உச்சநீதிமன்றம் அறிவித்தது. குற்றவாளிகளல்லர் என்றாகிவிட்டது; குடும்பத்தினர் என்றாயிற்றா?

2023ஆம் ஆண்டை நோக்குவோம். ஆகஸ்டு 28இல் உச்சநீதிமன்றம் நம் 7-அ பிரிவை ஆராய்ந்து, சுயமரியாதைத் திருமணத்துக்குப் பலரறிய விழா எடுத்தல் கட்டாயமன்று எனத் தெளிவுறுத்தியது. நாம் மகிழ்ந்தோம். இரு திங்கள் கழியுமுன், அக்டோபர் 17இல், அதே உச்சநீதிமன்றத்தின் ஐவர் அமர்வு, மணவுரிமை அடிப்படை உரிமையன்று. சிறப்புத் திருமணச் சட்டத்தைத் திருத்தி ஒருபால் இணையருக்கு இடமளித்தல் எம் பணியன்று, சட்டம் இயற்றும் மன்றத்தின் பணி என்று கூறிவிட்டது. மணம் என்ற பெயரின்றி இணைவாழ்வுக்கேனும் ஏற்பளிக்கலாம் என்றோர் இருவர், மறுத்தோர் மூவர். மறுஆய்வு மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளப்பட்டன. 1953இல் கேட்ட குரலின் எதிரொலியன்றோ இது!

நம் உயர்நீதிமன்றமோ இப்போது வேறு குரலில் பேசுகிறது. தூத்துக்குடிக் கோவிலில் ஆணொருவரும் திருநங்கை ஒருவரும் மணந்தனர். பதிவு செய்ய அதிகாரிகள் மறுத்தனர். ‘மணமகள்’ என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என 2019 ஏப்ரலில் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது. பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தாமே உளவியல் வல்லுநரிடம் சென்று கேட்டறிந்து, 2021 ஜூனில் ஆணை பிறப்பித்தார்; இத்தகையோரை ‘மாற்றுவதாக’க் கூறும் மருத்துவத்தைத் தடை செய்தார். மணம் இல்லையாயினும், இருவர் தம்முள் குடும்பப் பிணைப்பு ஆவணம் எழுதிப் பதிவு செய்ய வழி காண்க என 2023 நவம்பரில் அரசுக்கு அவரே யோசனை கூறினார். குடும்பம் அமைக்க மணம் ஒன்றே வழியன்று என 2025 மே திங்களில் அவ்வுயர்நீதிமன்ற அமர்வொன்று மொழிந்தது.

நல்ல சொற்கள்! ஆயின் நல்ல சொல் ஓய்வூதியம் ஆகுமா? குடும்ப அட்டையில் இருவரையும் ஒரே வீட்டாராகக் கொள்ளலாம், வங்கியில் கூட்டுக் கணக்கு வைக்கலாம் என 2024இல் ஒன்றிய அரசு தெளிவுபடுத்தியது. எனினும், முப்பதாண்டு உடன் வாழ்ந்தவர் உயில் எழுதாது மறைந்தால், எஞ்சியவருக்குச் சொத்தில் பங்கில்லை; குடும்ப ஓய்வூதியம் இல்லை. எட்டிப் பாராத உறவினர் வந்து வீட்டைப் பூட்டினால், ‘நீ யார்?’ என்று கேட்டால், அவர் என்ன விடை கூறுவார்? 1953இல் அப்பெண் என்ன விடை கூற முடிந்தது?

“இது மேல்நாட்டுச் சரக்கு, நம் மண்ணுக்கு ஒவ்வாது” என்பர். மேல்நாட்டிலிருந்து வந்தது எது? 1860இல் வெள்ளையர் வகுத்த தண்டனைச் சட்டத்தோடு வந்திறங்கிய தடையன்றோ மேல்நாட்டுச் சரக்கு! நாம் வாழும் திருவண்ணாமலையிலே, கார்த்திகைத் தீப நாளின் மாலையில், ஆண்பாதி பெண்பாதி உருவம் சில நிமிடம் வெளிவருகிறது. பல்லாயிரவர் கரம் குவிக்கின்றனர். மலைமேல் தீபம் ஏறுகிறது. அவ்வுருவம் ஒருபாற் காதலைக் குறிப்பது என்று நாம் கூறவில்லை. புராணத்தைச் சான்றுக்கு அழைக்கும் தேவையும் நமக்கில்லை. ஆண், பெண் என்னும் கோட்டை அழித்து வரையக் கற்பனையில் துணிந்த ஊர், அதே கோட்டின்மேல் வாழும் மனிதரைத் தெருவில் கண்டால் ஏன் கூசுகிறது என்பதே நம் வினா.

உலகம் எவ்வழி சென்றது? நெதர்லாந்தில் சட்டமன்றம் முந்திற்று. 2001இல் உலகிலேயே முதலாவதாக அங்கே இம்மணம் சட்டமாயிற்று. அயர்லாந்தில் 2015இல் வாக்காளரே கேட்கப்பட்டனர். நூற்றுக்கு 62 பேர் ‘ஆம்’ என்றனர். தைவானில் 2017இல் நீதிமன்றம் இரண்டாண்டுத் தவணை கொடுத்தது. 2018இல் வாக்காளர் எதிர்த்தனர். ஆயினும் 2019இல் சட்டமன்றம் தன் கடமையைச் செய்தது. தாய்லாந்தில் 2025 ஜனவரியில் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தைவான் தரும் பாடம் குறிக்கத்தக்கது: சிறுபான்மையோர் உரிமையைப் பெரும்பான்மையோர் கருணைக்கு விட்டுவிட்டு, ஆட்சியாளர் கைகட்டி நிற்றல் அறமாகாது.

‘இது டில்லி செய்ய வேண்டிய வேலை’ என்று ஒதுங்க நமக்கு உரிமையில்லை. திருமணம் பொதுப்பட்டியலில் உள்ள பொருள். மாநில மன்றம் சட்டம் இயற்றலாம். குடியரசுத் தலைவர் இசைந்தால் அது இங்கே செல்லும். 7-அ பிரிவு வந்த வழியே அதுதான்! அப்பிரிவு ‘இரு இந்துக்கள்’ என்றே தொடங்குகிறது. பின்னரே கணவன், மனைவி என்று பிரிக்கிறது. அவ்விடத்தில், ‘அல்லது வாழ்க்கைத் துணையாக’ என்று மேலும் ஒரு தொடர் சேர்ப்பின் என்ன? அதற்கேற்ப மணவயது விதியையும், மரபுரிமை விதிகளையும் திருத்த வேண்டும். பிற சமயத்தார்க்கும் வழி செய்ய வேண்டும். டில்லியின் இசைவைப் போராடிப் பெற வேண்டும். கடினந்தான். 1928இல் சுக்கிலநத்தத்தில் மாலை மாற்றியோருக்கு மட்டும் எளிதாகவா இருந்தது?

வாழ்க்கைத் துணைநல ஒப்பந்தம் என்று மணத்துக்குப் புதுப்பெயர் சூட்டிய நாடு இது. ஒப்பந்தத்துக்கு வேண்டியவை இரு மனங்கள், அவற்றின் இசைவு. இவையிரண்டும் இருக்கக் கண்டும், இன்னும் எதைத் தேடுகிறோம்? சட்டமன்றம் விடை கூறட்டும். அதைக் கேட்க வேண்டிய வாக்காளர் நாமே.