1024-ஐத் தாண்டாத பயாஸ்

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். முப்பது வரை மட்டுமே எண்ணத் தெரிந்த ஓட்டுநரால் மேலே உள்ள ஊருக்குப் போக முடியாது; ஆனால் ஊர் அங்கேதான் இருக்கிறது! பழைய கணினியின் பயாஸ் கதையும் இதுதான்.

வன்தட்டின் சிலிண்டர்களை எண்ண பயாஸுக்கு ஒதுக்கப்பட்டது வெறும் 10 பிட். அதாவது 1024 சிலிண்டர்கள். 1990களின் தொடக்கத்தில் இதனால் வந்த எல்லை 528 மெகாபைட். ஹெட் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டும் தந்திரத்தால் அது 8.4 கிகாபைட் ஆனது.

1991-இல் வெளிவந்த லினக்ஸ், இயங்கத் தொடங்கியபின் வன்தட்டை பயாஸ் இல்லாமல் தானே படித்துக்கொள்ளும். ஆனால் கெர்னலை முதலில் ஏற்றும் லைலோ, பயாஸையே நம்பியிருந்தது. கெர்னலைப் புதுப்பிக்கும்போது புதிய கோப்பு 1024-க்கு அப்பால் போய் உட்கார்ந்தால், நேற்றுவரை ஓடிய கணினி இன்று துவங்காது. உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஆனாலும் பலர் வன்தட்டே போய்விட்டது என்று பயந்தார்கள்.

இதற்கான தீர்வு மிக எளிது. வன்தட்டின் தொடக்கத்திலேயே சில மெகாபைட்டில் ஒரு /பூட் பகிர்வு, மீதி எல்லாம் அதற்குப் பின்னால். புது மதர்போர்டு வாங்கக் காசில்லாதவர்களின் பழைய பெட்டிகள் இப்படித்தான் பிழைத்தன. 2000 வாக்கில் லைலோவே புதிய முகவரி முறைக்கு மாறியது.

எல்லைகள் அத்தோடு முடியவில்லை. 28 பிட் முகவரி 137 கிகாபைட்டில் நின்றது. பழைய பகிர்வு அட்டவணை 2.2 டெராபைட்டில். ஒவ்வொரு முறையும் 'இவ்வளவு போதும்' என்றுதான் நினைத்தார்கள்.