மரல்: சாடிக்குள் வந்த நார்ச்செடி

பூங்கன்று விற்கிற எந்தக் கடைக்கும் போய், "பெரிசாப் பராமரிக்கத் தேவையில்லாத கன்று ஏதும் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக ஸ்நேக் பிளான்டைத்தான் எடுத்துத் தருவார்கள். வாள் மாதிரி நிமிர்ந்த தடித்த இலை, பாம்புத்தோல் மாதிரிக் குறுக்குக் கோடுகள். அலுவலக மேசை, வங்கி வாசல், அனெக்ஸ் அறையின் ஜன்னலோரம் என்று இப்போது அது இல்லாத இடம் இல்லை. இது எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த அலங்காரச் செடி என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அதில் பாதி உண்மை. கடையில் கிடைப்பது மேற்கு ஆபிரிக்க இனம். அதன் நெருங்கிய உறவொன்று இலங்கையின் வறண்ட பற்றைக்காடுகளில் தானாக வளர்கிறது. அதன் தாவரவியல் பெயரிலேயே எங்கள் தீவு இருக்கிறது: சான்செவியரியா செய்லானிகா. தமிழில் மரல், மருள். சிங்களத்தில் நியந்த.

முதலில் வளர்ப்பு விஷயம். இந்தச் செடி வறட்சிக்குப் பழகியது. இலையின் சதையிலும் மண்ணுக்குள் ஓடும் தடித்த தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். பகல் வெயிலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில்தான் திறந்து காபனீரொட்சைட்டை எடுக்கும். இப்படிச் சிக்கனமாக வாழ்வதற்கு விலை, வளர்ச்சி மெதுவாக இருப்பது. வெளிச்சம் குறைந்த அறைக்குள் வருடத்துக்கு இரண்டு மூன்று புது இலை வந்தாலே நல்லது. வளரவில்லையே என்று கவலைப்பட்டு ஒவ்வொரு நாளும் தண்ணி ஊற்றுவதால்தான் வீடுகளில் இது சாகிறது. அடியில் ஓட்டையுள்ள சாடி, மணல் கலந்த மண், உள்மண்ணும் காய்ந்த பிறகு மட்டும் தண்ணீர், அவ்வளவுதான். மாரி காலத்தில் மாதம் ஒருமுறையே தாராளம். பூனை, நாய் இருந்தால் எட்டாத இடத்தில் வையுங்கள். கடித்தால் வாந்தி எடுக்கும்.

இந்த வறட்சிக் குணத்தைச் சங்கப் புலவர்கள் நன்றாகக் கவனித்திருக்கிறார்கள். கலித்தொகையின் பாலைப் பாட்டொன்று, மழை பொய்த்துப்போன காட்டில் மரையா மரலைத் தின்னும் காட்சியோடு தொடங்குகிறது. எல்லாம் காய்ந்த இடத்தில் ஈரம் மிஞ்சியிருப்பது அந்த இலையில்தான். புறநானூற்றின் 264ஆம் பாட்டில் மரல் வேறு வேலைக்கு வருகிறது. செத்துப்போன ஒரு தலைவனுக்கு நடுகல் நடுகிறார்கள். மரலை வகிர்ந்து எடுத்த நாரால் சிவந்த பூக்களைக் கண்ணியாகக் கட்டி, மயிற்பீலியோடு சூட்டி, பெயரைப் பொறித்துக் கல்லை நாட்டுகிறார்கள். ஒருவரை நினைவில் வைத்திருக்கச் செய்யும் சடங்குக்குப் பூக்கட்டக் கிடைத்தது பக்கத்துப் பற்றையில் நின்ற இந்தச் செடி.

நார்தான் இதன் பழைய வாழ்க்கை. ஆங்கிலத்தில் இதற்கு 'சிலோன் போஸ்ட்ரிங் ஹெம்ப்' என்றும் பெயர், அதாவது வில்நாண் நார். சமஸ்கிருதத்தில் வில்நாணுக்கு 'மௌர்வீ' என்கிறார்கள். மூர்வா என்ற செடியின் நாரால் செய்தது என்று பொருள். அந்த மூர்வா மரல்தான் என்பது பலரின் கருத்து.

ஐரோப்பியர் கைக்குப் போனபோது செடிக்குப் புதுப் பெயர்கள் வந்தன. 1753இல் லின்னேயஸ் இதைக் கற்றாழைக் கூட்டத்துக்குள் சேர்த்தார். 1794இல் துன்பேர்க் 'சான்செவியரியா' என்று தனிப் பேரினம் ஆக்கினார். அது ஒரு இத்தாலியப் பிரபுவின் பெயரிலிருந்து வந்தது. நார் உரித்தவர் ஒருவரின் பெயரும் அங்கே இல்லை, எதிர்பார்க்கவும் முடியாது. பிறகு மரபணு ஆய்வுகளைப் பார்த்த தாவரவியலாளர்கள் கடந்த பத்துப் பதினைந்து வருடங்களுக்குள் முழுக் கூட்டத்தையும் டிரசீனாவுக்குள் போட்டுவிட்டார்கள். பிரபுவின் பெயரும் போய்விட்டது. 'செய்லானிகா' மட்டும் நிற்கிறது.

நார் உரித்தவர்கள் யார் என்று தேடினால் கண்டிப் பக்கம் போகவேண்டும். தும்பர ரட்டா கலால என்ற பாய்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். யானை, மான், பறவை, கட்டங்கள் என்று சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக நெய்யப்பட்டு, இப்போது சுவரில் தொங்கவிடுகிறார்களே, அவைதான். பழைய காலத்தில் அவற்றின் நார் நியந்த இலையிலிருந்து வந்தது. இலையைக் கட்டையில் வைத்துச் சதை முழுவதும் போகும்வரை சுரண்டவேண்டும். மிஞ்சும் வெள்ளை நாரைக் காயவைத்து, பிரித்து, பதங்கிக் கட்டையால் சிவப்பும் மரமஞ்சளால் மஞ்சளும் ஏற்றி, பிறகுதான் நெசவு. ஒரு இலையில் கிடைப்பது ஒரு பிடி நார்கூட இல்லை. மெதுவாக வளரும் செடியிலிருந்து ஒரு பாய்க்கு எத்தனை இலை வேண்டியிருந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

நெய்தவர்கள் கின்னர சாதியினர். அரசனுக்கு வரிக்குப் பதிலாகப் பாய் கொடுத்தார்கள் என்பது வழிவழிக் கதை. கண்டி இராச்சியத்தில் 1660 முதல் 1679 வரை சிறைப்பட்டிருந்த ரொபட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில் சாதிகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்துகிறார். பாய் பின்னுபவர்கள் அதில் அடியில் வருகிறார்கள். அவர்கள் தலையில் எதுவும் அணியக்கூடாது என்றும் எழுதுகிறார். அரண்மனையில் விரிக்க அவர்கள் கை நெய்த பாய் வேண்டும், அவர்கள் தலைக்கு ஒரு துணி கூடாது. எங்கள் ஊர்களில் யார் வேட்டியை எப்படிக் கட்டலாம், யார் தாவணி போடலாம் என்று சட்டம் வைத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது புரியாத விஷயம் இல்லை.

1908இல் ஆனந்த குமாரசுவாமி மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தன் பெரிய நூலில் இந்த நெசவையும் பதிந்தார். கொழும்பில் பிறந்த, தமிழ்த் தகப்பனின் மகன் அதைச் செய்தார் என்பதை நாங்கள் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறோம். ஆனால் அவர் கண்ட கைவினை உலகத்தின் அழகு, அதைத் தாங்கிநின்ற சாதி ஒழுங்கின் வலியைப் பல இடங்களில் மறைத்துவிடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேணும். 2021இல் யுனெஸ்கோ தும்பர நெசவை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இப்போது நெசவுக்குப் பெரும்பாலும் ஹண என்ற அகேவ் நார்தான். அகேவின் இலை பெரியது, நாரும் கூட. நியந்த வேலையை இழந்துவிட்டது.

வேலையை இழந்த செடி அலங்காரமானது எப்படி? அதற்கு அந்த ஆபிரிக்க உறவின் பக்கம் திரும்பவேண்டும். கடையில் அதிகம் விலைபோவது மஞ்சள் விளிம்புள்ள 'லொரென்டி' வகை. எமில் லொரென் என்ற பெல்ஜியத் தாவரவியலாளர் கொங்கோவிலிருந்து கொண்டுவந்த செடிக்கு 1904இல் அவர் பெயர் வைக்கப்பட்டது. அன்று கொங்கோ இரண்டாம் லியோபோல்ட் மன்னரின் சொந்தச் சொத்து மாதிரி இருந்தது. இறப்பர் அளவு குறைந்தால் மக்களின் கையை வெட்டிய ஆட்சி. அதே ஆறுகள் வழியாக அழகான கன்றுகளும் ஐரோப்பாவுக்குப் போயின. அங்கே குளிர் வீடுகளின் மங்கல் வெளிச்சத்திலும் இது சாகாமல் நின்றது, மிச்ச வேலையை நேர்சரிக்காரர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போரில் பிலிப்பைன்ஸ் ஜப்பானிடம் விழுந்து மணிலா நார் தடைப்பட்டபோது, அமெரிக்கர் கயிற்றுக்காக இந்தக் கூட்டத்தைத் திரும்பவும் பார்த்தார்கள். பிறகு நைலோன் வந்தது, அந்தப் பேச்சும் முடிந்தது.

இன்றைய மவுசுக்கு நாசாவும் காரணம். 1989இல் வெளியான அதன் ஆய்வொன்று, மூடிய பெட்டிக்குள் சில செடிகள் நச்சு வாயுக்களைக் குறைத்ததாகக் காட்டியது. விளம்பரக்காரருக்கு அது போதும். பின்னாளில் இப்படியான ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டவர்கள், ஜன்னல் திறப்பதற்குச் சமமாகவேண்டுமென்றால் ஒரு சதுர மீற்றருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடிவரை வேண்டும் என்றார்கள். "இரவில் ஒட்சிசன் தரும்" என்று பேஸ்புக்கில் வருவதையும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஜன்னலைத் திறவுங்கள். செடியை அதன் அழகுக்காக வையுங்கள்.

'செய்லானிகா' என்று பெயரட்டை ஒட்டி விற்பதிலும் பல உண்மையில் ஆபிரிக்க இனத்தின் வகைகள்தான். அசல் மரலின் இலை ஒடுங்கி, உட்பக்கம் வாய்க்கால் மாதிரிக் குழிந்திருக்கும். பற்றைக்குள் கண்டால் கிண்டி எடுக்காதீர்கள், ஒரு இலை போதும். மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, அடிப்பக்கம் கீழே வருமாறு மணலில் நடுங்கள். தலைகீழானால் வேர் பிடிக்காது. லொரென்டிக்கு இந்த முறை சரிவராது. இலைத்துண்டிலிருந்து வரும் கன்று முழுப் பச்சையாக வரும், மஞ்சள் விளிம்பு வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நடவேண்டும். மரலுக்கு வேர்விட ஒன்றிரண்டு மாதம் எடுக்கும், குருத்து வெளியே தெரிய இன்னும் சில மாதம். அதுவரை தண்ணியை மட்டும் அளவோடு பார்த்துக்கொள்ளுங்கள்.