எதிராளி எதிர்பாராத தொடக்கம்: சதுரங்கத்தில் கேம்பிட் கற்பது எப்படி?

சதுரங்க ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு சிப்பாயை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்து, அதற்கு ஈடாகக் காய்களை விரைவாகக் களமிறக்குவதற்கு ‘கேம்பிட்’ என்று பெயர். மல்யுத்தத்தில் காலை இடறி விழச்செய்வதைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்து இது வந்தது. ஸ்பெயின் நாட்டுப் பாதிரியார் ரூய் லோபஸ் 1561-இல் எழுதிய தம் நூலில் இச்சொல்லைச் சதுரங்கத்துக்குப் பயன்படுத்தினார்.

தொடக்கத்தை முன்கூட்டியே ஆயத்தம் செய்யும் பழக்கம் அதைவிடப் பழையது. அப்பாஸியர் கால பாக்தாதின் அஸ்ஸூலி போன்ற வல்லுநர்கள் ஷத்ரஞ்ச் ஆட்டத்தின் தொடக்க அணிவகுப்புகளை எழுதிவைத்தார்கள். அவற்றைக் குறித்த ‘தஅபியா’ என்ற அரபுச் சொல்லை இன்றைய கிராண்ட்மாஸ்டர்களும் ‘தபியா’ என வழங்குகிறார்கள்.

போட்டிகளுக்குச் செல்லும் நம் பிள்ளைகளிடம் ஓர் ஆசையைப் பார்க்கிறோம். அதிகம் பேர் அறியாத ஒரு கேம்பிட்டைக் கற்று, எதிராளியைப் பத்தே நகர்வுகளில் வீழ்த்திவிட வேண்டும் என்பதே அது. இந்த ஆசை எவ்வளவு தூரம் பலிக்கும் என்பதை 1918-இல் நடந்த இரண்டு ஆட்டங்கள் காட்டுகின்றன.

பெர்லினில் பலித்தது

அன்றைய உலகின் மிக வலிமையான ஆட்டக்காரர்களில் ஒருவரான ரூபின்ஸ்டைனை, பெர்லின் போட்டியில் மிலன் விட்மர் கறுப்புக் காய்களுடன் சந்தித்தார். ஹங்கேரியின் இஷ்த்வான் அபோன்யி அவருக்குச் சொல்லிக்கொடுத்தது புடாபெஸ்ட் கேம்பிட். வெள்ளை டி4 ஆட, கறுப்பு குதிரையை எஃப்6-இல் வைக்கிறது. வெள்ளை சி4 ஆடியதும், கறுப்பு இ5-இல் சிப்பாயை நீட்டுகிறது. வெள்ளை அதை வெட்டினால், குதிரை ஜி4-க்குப் பாய்ந்து, வெட்டிய சிப்பாயைக் குறிவைக்கிறது.

ரூபின்ஸ்டைன் 24 நகர்வுகளில் தோற்றார். போட்டியிலும் விட்மரே முதலிடம் பெற்றார்.

நியூயார்க்கில் பலிக்கவில்லை

அதே ஆண்டு நியூயார்க்கில், கபாபிளாங்காவுக்கு எதிராக ஃபிராங்க் மார்ஷல், ரூய் லோபஸ் தொடக்கத்தின் 8-ஆவது நகர்வில் டி5 ஆடி ஒரு சிப்பாயைப் பலிகொடுத்தார். எதிராளி ஆயத்தத்தோடு வந்திருக்கிறார் என்று தெரிந்தும் கபாபிளாங்கா பின்வாங்கவில்லை. சிப்பாயை எடுத்துக்கொண்டார், ஒவ்வொரு தாக்குதலையும் நிதானமாகத் தடுத்தார், 36 நகர்வுகளில் வென்றார்.

ஆனால் மார்ஷலின் கேம்பிட் அன்றோடு முடிந்துவிடவில்லை. அந்த ஆட்டத்தில் அவர் 11-ஆவது நகர்வில் குதிரையை எஃப்6-க்குப் பின்வாங்கினார். அதற்குப் பதிலாக சி6 சிப்பாய் நகர்வு வந்தபின் அது உறுதிபெற்றது. லெவோன் அரோனியன் போன்றோர் இன்றும் அதை ஆடுகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த பிறகும் அது நிற்கிறது. அதிர்ச்சி ஒருமுறைதான் உதவும், அதன்பின் தாங்குவது நகர்வுகளின் வலிமையே.

பொறியை மட்டும் நம்பலாமா?

புடாபெஸ்ட் கேம்பிட்டில் புகழ்பெற்ற ஒரு பொறி உண்டு. வெள்ளையின் பிஷப் எஃப்4-இலும், குதிரைகள் எஃப்3, டி2 கட்டங்களிலும் இருக்க, கறுப்பு பிஷப் பி4-இலும் ராணி இ7-இலும் நிற்கின்றன. வெள்ளை ஏ3 ஆடி பிஷப்பை விரட்டும்போது, கறுப்பு அதைக் கவனிக்காததுபோல ஜி4 குதிரையால் இ5 சிப்பாயை வெட்டுகிறது. ஆசைப்பட்டு வெள்ளை பிஷப்பை வெட்டினால், அக்குதிரை டி3-க்குத் தாவி செக்மேட்! இ2 சிப்பாயால் குதிரையை வெட்ட முடியாது. அது நகர்ந்தால் ராஜா இ7 ராணிக்கு முன் திறந்துவிடும்.

ஆனால் வெள்ளை இந்த ஆசைக்கு இடம் தராமல், இ3 ஆடிச் சிப்பாயைத் திருப்பிக்கொடுத்து அமைதியாகக் காய்களை வெளியே கொண்டுவரலாம். இரண்டாம் நகர்விலேயே சி4-க்குப் பதில் குதிரையை எஃப்3-இல் வைத்தால் இந்த கேம்பிட்டுக்கே வாய்ப்பில்லை. பொறியை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே திகைத்துவிடும்.

கற்கும் முறை

முதலில் எதிராளியின் மிகச் சிறந்த பதிலைப் படிக்க வேண்டும், பொறிகளைப் பிறகு பார்க்கலாம். சிப்பாயைக் கொடுத்து என்ன பெற்றோம் என்பதை ஒவ்வொரு நிலையிலும் வாய்விட்டுச் சொல்லப் பழக வேண்டும். நண்பர்களோடு ஆடி, தோற்ற ஆட்டங்களை எழுதிவைத்து ஆராய வேண்டும். கேம்பிட்டுக்கு இடம் கிடைக்காதபோது ஆட உறுதியான இன்னொரு தொடக்கமும் கைவசம் இருக்க வேண்டும்.

பிள்ளை ஒரு கேம்பிட்டைக் கற்று வந்தால் பெற்றோராகிய நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எதிராளிக்கும் இது தெரிந்திருந்தால் நீ என்ன ஆடுவாய்?” அதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளை உண்மையிலேயே அதைக் கற்றிருக்கிறது.