கப்பல் ஏறுவதற்கு முந்தின சாயங்காலம்



போன மாதம் மகன் குடும்பத்தோடு சிங்கப்பூரிலிருந்து பினாங்குக்கு உல்லாசக் கப்பலில் போய் வந்தோம். கப்பல் படங்களை என் பேத்தி ஏற்கெனவே போட்டுவிட்டாள். நான் எழுத நினைத்தது, கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் சிங்கப்பூரில் கழித்த ஒரு சாயங்காலத்தைப் பற்றி.

பிள்ளைகளுக்கு ஒளிக் காட்சி பார்க்க வேண்டும். மருமகளுக்கு நல்ல சாப்பாடு வேண்டும். மகனுக்குத் தூக்கம் வேண்டும். "எனக்கு ஒரே ஒரு மணி நேரம் கொடுங்கள், மீதி எல்லாம் உங்கள் இஷ்டம்" என்றேன். அந்த ஒரு மணி நேரத்தைத் தெலுக் ஆயர் தெருவுக்காகத்தான் கேட்டேன்.

காரணம் என் அப்பா. 1951இல், நான் கைக்குழந்தையாக இருந்தபோது, நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறிப் போனார். கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நிற்கும். தோணியில் போய்த்தான் ஏற வேண்டும். பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், அப்புறம் சிங்கப்பூர். மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்தவர் அவர். "இறங்கினதும் முதல்ல நம்ம நாகூர் ஆண்டவரைத்தான் பார்த்தேன்" என்பார். வெறும் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். ராஃபிள்ஸ் 1819இல் சிங்கப்பூரில் இறங்கியதை வகுப்பில் முப்பத்து மூன்று வருடம் நடத்திய நான், என் அப்பா இறங்கியதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர் சொன்னது நிஜம். தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக, தென்னிந்தியாவிலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள் 1828 முதல் 1830க்குள் கட்டியது. பக்கத்திலேயே 1827இல் தொடங்கிய அல் அப்ரார் பள்ளிவாசல். ஆரம்பத்தில் குடிசையாக இருந்ததால் 'குச்சுப்பள்ளி' என்றே தமிழில் பெயர். அதே வரிசையில் 1842இல் கட்டி முடித்த சீனர்களின் தியான் ஹோக் கெங் கோயில். அங்கே குடியிருப்பவள் மாசு என்னும் கடல் தெய்வம்.

பேத்தி கேட்டாள்: "கடல் தெய்வத்தோட கோயிலை ஏன் தாத்தா கடலே இல்லாத இடத்துல கட்டினாங்க?"

நல்ல கேள்வி. மலாய் மொழியில் 'தெலுக்' என்றால் விரிகுடா, 'ஆயர்' என்றால் தண்ணீர். இந்தத் தெருதான் அன்றைக்குக் கடற்கரை. உயிரோடு கரை சேர்ந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே அவரவர் தெய்வத்துக்கு நன்றி சொன்னார்கள். 1880களில் கடலைத் தூர்த்தார்கள். கரை தள்ளிப் போனது. அப்பா வந்தபோதே தர்காவுக்கு முன்னால் கடல் இல்லை. இருந்தும் தேடிக்கொண்டு போயிருக்கிறார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவு சாத்தியிருந்தது. வாசலில் நின்று கும்பிட்டேன். தூங்க வேண்டும் என்ற மகன்தான் கடைசியாக அங்கிருந்து நகர்ந்தான்.

அங்கிருந்து பொடிநடையாக 'லாவ் பா சாட்'. பழைய சந்தை என்று பொருள். எண்கோண வடிவக் கட்டடம். முதலில் 1838இல் கடலோரத்தில் இருந்த சந்தையை, தூர்த்த நிலத்தில் 1894இல் வார்ப்பிரும்பால் புதிதாகக் கட்டினார்கள். இரும்பு வந்தது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து. ரஜுலாவை 1926இல் கட்டியதும் அதே கிளாஸ்கோவில்தான்! இரவு ஏழு மணிக்குமேல் பக்கத்துத் தெருவில் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாத்தே சுடுகிறார்கள். குச்சியில் கோத்த கோழி, வேர்க்கடலைக் குழம்பு. பேரன் பன்னிரண்டு குச்சிகளை எண்ணிக் காட்டினான்.

பிறகு இரண்டே நிறுத்தம் ரயிலில் போய், கடலோரப் பூந்தோட்டத்தில் ராட்சத மரங்களின் ஒளிக் காட்சி பார்த்தோம். பிள்ளைகள் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டார்கள். "நீ படுத்திருக்கிறதும் கடல்தான்" என்றேன். 1970களில் தூர்த்த நிலம் அது. நாங்கள் மறுநாள் ஏறிய துறைமுக முனையமும், 2012இல் திறந்தது, அப்படித் தூர்த்த நிலத்தில்தான் நிற்கிறது.

கப்பல் பினாங்கை நோக்கிப் புறப்பட்டபோதுதான் உறைத்தது: அப்பா வந்த வழியில் நாங்கள் திரும்பிப் போகிறோம். அவருக்குப் பாய், எங்களுக்கு பால்கனி வைத்த அறை. அவர் பிழைக்க வந்தார். நாங்கள் பொழுதுபோக்கப் போனோம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதற்காகத்தானே வந்தார். ஆனால் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

நீங்கள் யாராவது அங்கே கப்பல் ஏறப் போனால், ஒரு நாள் முன்னதாகப் போங்கள். ஐந்து மணிக்கு முன்பே தெலுக் ஆயர் தெருவுக்குப் போய்விடுங்கள். அதற்கும் முன்னால், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேளுங்கள்: எந்தக் கப்பல், எங்கே ஏறினார்கள், இறங்கியதும் முதலில் எங்கே போனார்கள்? நான் கேட்காமல் விட்டதை நீங்கள் விடாதீர்கள். தெரிந்ததைக் கீழே எழுதுங்கள். வழக்கம்போல் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டேன்.