தொப்பிப் பணமும் தள்ளுபடிக் கயிறும்

கடல்வழியே சரக்கு அனுப்பும் வணிகர் செலுத்தும் கூலி, பேசி முடித்த அடிப்படை விகிதம் ஒன்று, அதன் தலையில் ஏற்றப்படும் துணைக்கட்டணங்கள் பல என இரு கூறுகளாகவே நெடுங்காலமாக இருந்துவருகிறது. முதற்கூற்றைக் குறைக்க வணிகர்கள் எக்காலத்திலும் பேரம் பேசியிருக்கின்றனர். இரண்டாவதோ பெரும்பாலும் வழக்கம் என்ற பெயரால் கேள்வியின்றி ஏற்கப்பட்டது. கப்பல் முதலாளிகளுக்கும் வணிகர்களுக்கும் இடையே நடந்த இழுபறியின் வரலாற்றை இந்த இரண்டாம் கூற்றைப் பின்தொடர்ந்தே தெளிவாக அறியமுடியும்.

இவற்றுள் மிகப் பழையது ‘பிரைமேஜ்’ எனப்பட்டது. சரக்கைப் பழுதின்றி ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்வதற்காகக் கப்பல் தலைவனுக்கும் மாலுமிகளுக்கும் வணிகர் தரும் சிறு அன்பளிப்பாக இது ஐரோப்பியத் துறைமுகங்களில் தோன்றியது. தலைவனின் தொப்பிச் செலவுக்கு என்ற பொருளில் இதனைத் ‘தொப்பிப் பணம்’ என்றும் அழைத்தனர். கப்பலில் ஏற்றிய சரக்குக்குச் சான்றாக வழங்கப்படும் ஏற்றுமதிச் சீட்டில், கூலியோடு ‘வழக்கமான பிரைமேஜும்’ செலுத்தப்படவேண்டும் என்ற தொடர் நிலையாக இடம்பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பணம் தலைவனின் கையைவிட்டுக் கப்பல் உரிமையாளரின் கணக்குக்கு மாறியது. கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்திருந்த இனாம், பல தடங்களில் கூலியின்மேல் நூற்றுக்குப் பத்து என்ற நிலையான மேல்கட்டணமாக உறைந்துபோயிற்று.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும், கீழை நாடுகளுக்கான பயணத் தொலைவு பெரிதும் குறைந்து நீராவிக் கப்பல்கள் பெருகின. ஏற்றுவதற்குச் சரக்கு போதாமல் கூலி சரிந்தது. இந்தச் சரிவைத் தடுக்க, ஒரே தடத்தில் ஓடும் நிறுவனங்கள் தமக்குள் ஒரே கூலியை வகுத்துக்கொண்டு கூட்டாக இயங்கத் தொடங்கின. ‘கான்பரன்ஸ்’ எனப்பட்ட இக்கூட்டுகளுள் முன்னோடியான கல்கத்தா கான்பரன்ஸ் 1875இல் உருவாயிற்று. எனினும் கூலியை ஒன்றாக்கினால் மட்டும் போதவில்லை. குறைந்த கூலிக்கு முன்வரும் வெளிக்கப்பலிடம் வணிகர் போகாமல் தடுக்கவும் வேண்டியிருந்தது. அதற்கெனக் கண்டறியப்பட்ட கருவியே 1877இல் மான்செஸ்டர் துணி ஏற்றுமதியாளர்களுக்கு அறிவிக்கப்பட்ட ‘ஒத்திவைக்கப்பட்ட தள்ளுபடி’.

இதன் நுட்பத்தை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு வணிகர் சனவரி முதல் சூன் முடிய 1000 பவுண்டு கூலி செலுத்தியதாகக் கொண்டால், நூற்றுக்குப் பத்து வீதம் 100 பவுண்டு அவருக்குரிய தள்ளுபடியாகக் குறித்துவைக்கப்படும். ஆனால் அடுத்த ஆறு மாதங்களிலும் தம் சரக்கு முழுவதையும் கான்பரன்ஸ் கப்பல்களிலேயே அனுப்பினால்தான் அத்தொகை அவர் கைக்கு வரும். அந்த ஆறு மாதங்களில் இன்னொரு 100 பவுண்டு சேர்ந்துவிடுமாதலால், திசம்பரில் ஒரே ஒரு பொதியை வெளிக்கப்பலில் ஏற்றினாலும் 200 பவுண்டையும் இழக்கநேரும். கணக்கை முடித்துக்கொண்டு வெளியேற உகந்த நாள் என ஆண்டில் ஒரு நாளும் இராது. பிரைமேஜாக வாங்கிய பத்து விழுக்காட்டையே சில தடங்களில் தள்ளுபடியாகத் திருப்பித் தந்தனர். வணிகரின் சொந்தப் பணமே அவரைக் கட்டும் கயிறாயிற்று.

இக்கயிற்றுக்கு வெளியே நின்று போட்டியிட்டவர்கள் அடிப்படைக் கூலியின் சரிவால் வீழ்த்தப்பட்டனர். சீனத் தேயிலைத் தடத்தில் 1885இல் நுழைந்த மொகல் நிறுவனத்தின் கப்பல்களை விரட்டக் கான்பரன்ஸ் கூலியை அடிமட்டத்துக்கு இறக்கியது. நிறுவனம் தொடுத்த வழக்கில், இது சட்டத்துக்குப் புறம்பான செயல் அன்று என்று பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1891இல் தீர்ப்பளித்தது. 1893இல் சாம்செட்சி டாடா, பம்பாயிலிருந்து கிழக்காசியாவுக்குச் செல்லும் நூலின் கப்பற்கூலியைக் குறைக்க ஜப்பானிய நிறுவனமான நிப்பான் யூசென் கைஷாவுடன் கைகோத்துத் தனிக் கப்பல் ஓட்டியபோது, பிரிட்டிஷ் கப்பல் நிறுவனமான பி அண்ட் ஓ தன் கூலியை வெட்டிச் சரித்தது; டாடாவின் கப்பல்கள் நெடுநாள் நிலைக்கவில்லை. தூத்துக்குடியில் 1906இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை நிறுவிய சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்துக்கு எதிராகவும் இதே உத்தியையே ‘பிரிட்டிஷ் இந்தியா’ என்ற கப்பல் நிறுவனம் கையாண்டது. கொழும்புப் பயணக் கட்டணத்தை அது ஒரு ரூபாய் அளவுக்குத் தாழ்த்தியது. 1908இல் வ. உ. சி. சிறைப்பட்டபின் நலிந்த சுதேசி நிறுவனம் 1911இல் கலைக்கப்பட்டது. போட்டியாளர் மறைந்தபின் கூலி பழைய நிலைக்கு ஏறுவதே இத்தகைய போர்களின் இயல்பு.

வணிகர்களின் முறையீடுகளை ஆராய 1906இல் லண்டனில் அமைக்கப்பட்ட அரச ஆணையம் 1909இல் அறிக்கை அளித்தது. காலம் தவறாத கப்பல் சேவைக்குத் தள்ளுபடி முறை பயன்படுவதாகக் கருதிய பெரும்பான்மை உறுப்பினர்கள் அதனைத் தடைசெய்யப் பரிந்துரைக்கவில்லை. வணிகர்களும் சங்கமாகத் திரண்டு கான்பரன்ஸுடன் பேசவேண்டும் என்பதே அவர்கள் காட்டிய வழி. பிற நாடுகள் கடுமையாக நடந்துகொண்டன: தென்னாப்பிரிக்கா 1911இல் தள்ளுபடி முறையைக் கையாளும் நிறுவனங்களுக்கு அஞ்சல் ஒப்பந்தம் இல்லை என்று சட்டமியற்றியது, அமெரிக்கா 1916ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒத்திவைக்கப்பட்ட தள்ளுபடியையே தடைசெய்தது.

அதன்பின் மேல்கட்டணம் வேறு பெயர்களில் வளர்ந்தது. 1956இலும் 1967இலும் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது சுற்றுவழிக்கான மேல்கட்டணமும், 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் எரிபொருள் விலையேற்றத்தை ஈடுசெய்யும் மேல்கட்டணமும், நாணய மதிப்பு மாறும்போது அதற்கென ஒன்றும், துறைமுக நெரிசலுக்கென வேறொன்றுமாக விலைப்பட்டியலின் வரிகள் நீண்டன. இவற்றை நெறிப்படுத்த முனைந்த ஐக்கிய நாடுகளின் 1974ஆம் ஆண்டு நடத்தை விதித்தொகுப்பு, எதிர்பாராத செலவுக்காக விதிக்கப்படும் மேல்கட்டணம் தற்காலிகமானது என்றும், நிலைமை சீரடையும்போது குறைக்கப்படவேண்டும் என்றும் வகுத்தது. இவ்விதித்தொகுப்பு நடைமுறைக்கு வர 1983 ஆயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் கான்பரன்ஸ்களுக்கு அளித்திருந்த போட்டிச் சட்ட விலக்கை 2008இல் நீக்கியது. கூட்டு கலைந்தாலும் மேல்கட்டணம் மறையவில்லை என்பதை, 2023இன் இறுதியில் செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியதும் நிறுவனங்கள் அறிவித்த புதிய கட்டணங்கள் காட்டின.

ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றில் அடிப்படைக் கூலியை மட்டும் பேசிக் குறைத்தவர்கள் ஆதாயத்தைத் துணைக்கட்டணத்தில் இழந்திருக்கின்றனர். எனவே ஒவ்வொரு மேல்கட்டணமும் எக்காரணத்தால் வந்தது, எந்நாளில் நீங்கும் என்ற இரு கேள்விகளுக்கும் ஒப்பந்தத்தில் எழுத்தால் விடை பெறாத வணிகருக்கு, குறைந்த கூலி என்பது தொப்பிப் பணக் காலத்தைப் போலவே இன்றும் பெயரளவே.