பாம்பின் சுருளும் மாத்லாவின் அலையும்

'சைக்ளோன்' என்னும் சொல் பிறந்த ஊர் கல்கத்தா. அதை ஆக்கியவர் மொழியறிஞர் அல்லர்; கடலோடி. கப்பல் தலைவராயிருந்து கல்கத்தாவில் குடியேறிய ஹென்றி பிடிங்டன், 1839 முதல் வங்காள ஆசியவியற் கழகத்தின் இதழில் புயல்களைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். கப்பல்களின் நாட்குறிப்பேடுகளே அவருடைய ஆய்வுக்கருவி. ஒரே புயலில் வெவ்வேறு இடங்களில் சிக்கிய கப்பல்கள் எந்நேரத்தில் எத்திசைக் காற்றை எதிர்கொண்டன, காற்றழுத்தமானி எவ்வளவு இறங்கியது என்பவற்றை ஒருங்கே வைத்து நோக்கியபோது, காற்று ஒரு நடுவத்தைச் சுற்றிச் சுழல்வது வரைபடத்தில் புலப்பட்டது.

மாலுமிகளுக்கென 1848இல் அவர் வெளியிட்ட கையேட்டில் இச்சொல் இடம்பெற்றது. பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை அமைத்தார். காற்று நிறைவான வட்டத்தில் செல்கிறது என்று அறுதியிடச் சான்று போதாது. வளைந்து செல்லும் இயல்பை மட்டுமே சொல்லலாம். அந்த அளவோடு நிற்கும் சொல் அவருக்கு வேண்டியிருந்தது. கலைச்சொல் ஆக்குவோர் பலரிடம் காணக்கிடைக்காத அடக்கம் இது. (தமிழில் 'புயல்' பழைய இலக்கியங்களில் மழைமேகத்தையே குறித்தது, காற்றின் பொருள் பிற்காலத்தது.)

காற்றைவிட, அது தள்ளிவரும் கடல்நீரையே பிடிங்டன் பெரிதும் அஞ்சினார். 1789இல் கோதாவரிக் கழிமுகத்தின் கோரிங்கா துறைமுகத்தை அடுத்தடுத்து வந்த மூன்று பேரலைகள் அழித்த செய்தியை அவர் பதிவுசெய்திருந்தார். ஆகவே, ஹூக்ளி ஆறு தூர்ந்துவருகிறது என்று சுந்தரவனத்தின் மாத்லா ஆற்றங்கரையில் மாற்றுத் துறைமுகம் அமைக்க அரசு எண்ணியபோது, 1853இல் ஆளுநர் தலைவர் டல்ஹௌசிக்கு வெளிப்படையான மடல் எழுதினார்: அவ்விடம் புயல் அலைக்கு ஆட்பட்டது, இன்றில்லாவிடினும் ஒருநாள் நகர் நீரில் மூழ்கும். அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1858இல் அவர் மறைந்தார். கானிங் பிரபுவின் பெயரால் துறைமுகம் எழுந்தது, இருப்புப்பாதையும் வந்தது. 1867 நவம்பரில் புயல் அலை அதைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் துறைமுகம் கைவிடப்பட்டது.

இடையில், 1864 அக்டோபர் 5 அன்று கல்கத்தாவைத் தாக்கிய புயலில் மாண்டோர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் என்பர். துறைமுகத்தில் நின்ற ஏறத்தாழ 200 கப்பல்களில் பெரும்பாலானவை சேதமுற்றன. மறு ஆண்டே கல்கத்தாவில் புயல் எச்சரிக்கை முறை தொடங்கியது. இந்த விரைவுக்குக் காரணம் மாண்ட மக்களா, உடைந்த கப்பல்களா என்று கேட்பது தகும். ஏனெனில், எச்சரிக்கை துறைமுகத்துக்கு உரியதாயிருந்தது. கம்பத்தில் ஏற்றிய கூண்டைக் காணக்கூடியவர் மாலுமிகளே. ஆற்றங்கரைச் சிற்றூர்களில் உழவருக்கு அதைச் சொல்ல ஏற்பாடு இல்லை.

1875இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை எச். எஃப். பிளான்ஃபோர்டு தலைமையில் நிறுவப்பட்டது. 1876இல் பாக்கர்கஞ்சுப் புயல் மேகனா கழிமுகத்தில் ஏறத்தாழ ஓர் இலட்சம் பேரை மூழ்கடித்தது. பின்தொடர்ந்த காலரா மேலும் பல்லாயிரவரைக் கொண்டுபோயிற்று. 1886இல் எச்சரிக்கை இந்தியத் துறைமுகங்கள் அனைத்துக்கும் விரிந்தது. அப்போதும் துறைமுகங்களுக்கே.

கடைக்கோடி வீட்டுவரை செய்தி செல்ல நெடுங்காலம் பிடித்தது. 1999இல் ஒடிசாவில் பத்தாயிரம் பேரளவில் மாண்டனர். 2013இல் பைலின் வருமுன் அதே கரையில் ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் அப்புறப்படுத்தப்பட்டனர், உயிரிழப்பு ஐம்பதை எட்டவில்லை. அலைக்குத் தப்பியவர் திரும்பிச்சென்று உழ நிலம் எஞ்சுமா என்பது வேறு வினா. கடல்மட்டம் உயர்ந்துவரும் சுந்தரவனத்தில் 2009இல் ஐலாவும் 2020இல் அம்பனும் கரைகளை உடைத்து வயல்களில் உப்புநீரைப் புகுத்தின.

மாத்லா இன்று கானிங்கில் வண்டல் நிறைந்து கிடக்கிறது. துறைமுகத்துக்கென இட்ட இருப்புப்பாதை மட்டும் நிலைத்தது. சரக்கு ஏற்றிச்செல்ல வேண்டியிருந்த அவ்வழியில், விடியலுக்கு முன்பே சுந்தரவனத்து மக்கள் கல்கத்தாவுக்குக் கூலிவேலைக்கும் வீட்டுவேலைக்கும் செல்கின்றனர்.