விருந்தளிப்போர் கையொப்பம்: ஒரு பக்கத் தாளுக்கு ஓர் உரை

அமெரிக்காவில் படித்த நாட்களில் சேர்ந்த காகிதங்களைப் போன மாதம் ஒழித்துக்கட்டினேன். வாடகை ஒப்பந்தம், பல் டாக்டர் பில், பஸ் அட்டவணை எல்லாம் பழைய பேப்பர்காரரிடம் போயிற்று. ஒரு தாளை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை. கலிபோர்னியாவில் நான் இருந்த பல்கலைக்கழக மாணவர் குடியிருப்பில் பார்ட்டி வைக்க வேண்டுமானால் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டிய விதித்தாள் அது. இடத்துக்கு இடம் எண்கள் மாறும். மற்றபடி அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் ஏறத்தாழ இதே சரக்குதான். சூத்திரம் மாதிரி எழுதியிருப்பார்கள். ஏன், எதற்கு என்று ஒரு சொல் இருக்காது. சூத்திரம் இருந்தால் உரையும் வேண்டுமல்லவா? பரிமேலழகரை மனதில் வணங்கிவிட்டு உட்கார்ந்தேன். மூலத்தைச் சுருக்கித் தமிழாக்கியது நானே.

1. குடியிருப்போரையும் சேர்த்து இருபது பேருக்கு மேல் கூடுவது விருந்து எனப்படும். அதை ஐந்து வேலை நாட்களுக்கு முன் பதிவு செய்க.

முதலில் இலக்கணம். பாட்டு, கேக், குடி எதையும் வைத்து விருந்தை வரையறுக்கவில்லை. தலையெண்ணிக்கை ஒன்றுதான் கணக்கு. நாங்கள் நாலு பேர் இருந்த வீட்டில் ஒரு பொங்கலுக்கு இருபத்துமூன்று பேர் கூடினோம். குக்கரில் பொங்கல், அலுமினிய டிரேயில் வடை, லேப்டாப்பில் பட்டிமன்றம். தாளின்படி அதுவும் பார்ட்டி. படிவத்தில் 'வழங்கப்படும் மது' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். 'விருந்தினர் தாமே கொண்டுவருவது?' என்று அடுத்த நாளே மின்னஞ்சல் வந்தது. 'கரும்பு' என்று பதில் போடக் கை துறுதுறுத்தது.

'குடியிருப்போரையும் சேர்த்து' என்பது பின்னால் ஒட்டவைத்த தொடர் போலத் தெரிகிறது. அது இல்லையென்றால் ஆறு பேர் வாழும் வீட்டில் இருபத்தாறு பேர்வரை பதிவில்லாமல் கூடலாம். எவனோ ஒரு சட்டக் கல்லூரி மாணவன் இந்த வாதத்தை வைத்து ஜெயித்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

2. விருந்தளிப்போர் இருவர். இருவரும் 21 வயது நிறைந்தோர். விருந்து முடியும்வரை இருவரும் மது அருந்தலாகாது.

இந்தத் தாளின் உயிர் 'விருந்தளிப்போர்' என்ற சொல்லில் இருக்கிறது. நம் பக்கத்தில் விருந்தளிப்பவர் பந்திக்குப் பந்தி நடந்து 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கணும்' என்று வற்புறுத்துகிறவர். இங்கே வற்புறுத்தினால் குற்றம். வந்த தலைகளையும் காலியான கோப்பைகளையும் எண்ணிக்கொண்டு, விடியும்வரை தெளிவாக இருக்க வேண்டியவர் அவர். 1984ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றத்தில் கெல்லி எதிர் க்வின்னல் என்று ஒரு வழக்கு. ஒருவர் வீட்டில் குடித்துவிட்டுக் கார் எடுத்துப்போன விருந்தாளி, எதிரே வந்த பெண்மணியின் வண்டியில் மோதினார். ஊற்றிக்கொடுத்த வீட்டுக்காரரும் பொறுப்பாளிதான் என்றது நீதிமன்றம். மற்ற மாநிலங்கள் பல அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் வயது குறைந்தவருக்கு ஊற்றியவரைக் காப்பாற்றச் சட்டம் பெரும்பாலும் தயங்கும்.

அதனால்தான் 21. அந்த எண்ணுக்குப் பின்னால் நெடுஞ்சாலை இருக்கிறது. வியட்நாம் போருக்கு அனுப்பத் தகுந்தவன் ஓட்டுப் போடவும் தகுந்தவன் என்று 1971ல் வாக்குரிமை வயது 18 ஆனது. அந்த வேகத்தில் பல மாநிலங்கள் குடிக்கும் வயதையும் இறக்கின. சாலைகளில் பிள்ளைகள் செத்தார்கள். குடித்து ஓட்டியவனால் மகளை இழந்த ஒரு தாய் 1980ல் தொடங்கிய இயக்கம் நாடெங்கும் பரவியது. மதுவயதை நிர்ணயிப்பது மாநில உரிமை. வாஷிங்டன் நேராகக் கை வைக்க முடியாது. ஆகவே 1984ல் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் பணப்பையில் கை வைத்தது: 21க்குக் கீழே விற்க விட்டால் சாலை நிதியில் 10 சதவீதம் கிடையாது. 19 வயதில் லேசான பீர் வாங்க அனுமதித்துவந்த தெற்கு டகோட்டா வழக்குப் போட்டு 1987ல் தோற்றது. அடுத்த ஆண்டுக்குள் எல்லா மாநிலமும் வழிக்கு வந்துவிட்டது.

1989ல் இன்னொரு முடிச்சு. மத்திய அரசின் பணம் வேண்டுமானால் பல்கலைக்கழகங்கள் மது விதிகளை எழுதி ஆண்டுதோறும் மாணவர்களிடம் சேர்க்க வேண்டும். கடைசியில் சாலைக்கு வந்த விதி மாணவன் கூடத்தில் வந்து உட்கார்ந்தது. இளநிலை மாணவர் விடுதிகளில் இருப்போர் பெரும்பாலும் 21 நிரம்பாதவர்கள், குடிப்பதோ நிற்கவில்லை. ஒளித்துக் குடிப்பதால்தான் ஆபத்து கூடுகிறது, வயதைப் பற்றி மறுபடி பேசுவோம் என்று 2008ல் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரித் தலைவர்கள் கையெழுத்திட்டார்கள். பேச்சோடு சரி.

ஏன் இருவர்? தாளில் விடை இல்லை. குடியிருப்பு உதவியாளராக இருந்த பையன் சொன்னான்: "ஒருத்தர் ஆம்புலன்ஸில் கூடப் போகணும், இன்னொருத்தர் வீட்டைப் பாத்துக்கணும்." ஐந்து வேலை நாட்களுக்கு முன்பே ஆம்புலன்ஸையும் கணக்கில் சேர்த்துத்தான் விருந்துக்கு அனுமதி.

3. பீப்பாய், தொட்டி, குடம் முதலிய பொதுக்கலங்களிலிருந்து மது வழங்கலாகாது.

அமெரிக்கக் கல்லூரிப் படங்களில் தவறாமல் வருமே, அலுமினிய டிரம் போல ஒன்று, அதுதான் கெக். பெரிய கெக்கில் சுமார் 58.7 லிட்டர் பீர் பிடிக்கும். 355 மில்லி கோப்பையில் ஊற்றினால் 165 கோப்பை. இருபத்தைந்து பேர் விருந்துக்கு ஒன்று வாங்கினால் தலைக்கு ஆறரைக் கோப்பைக்கு மேல். திறந்த கெக்கின் பீர் மறுநாளே சப்பென்று ஆகிவிடும், தீர்த்துவிட்டுத்தான் படுப்பார்கள்.

தொட்டியும் குடமும் இதைவிட மோசம். 'ஜங்கிள் ஜூஸ்' என்று ஒரு வஸ்து உண்டு. கூலர் பெட்டியில் பழரசப் பொடியைக் கரைத்து, வந்தவனெல்லாம் தன் பாட்டிலைக் கவிழ்ப்பான். ரஸ்னா மாதிரி இனிக்கும். 355 மில்லி பீர், 148 மில்லி ஒயின், 44 மில்லி விஸ்கி மூன்றிலும் உள்ள ஆல்கஹால் ஒன்றே, 14 கிராம். இதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு முதல் வாரத்திலேயே பாடமாக நடத்திவிடுகிறார்கள். தொட்டியில் முகந்த கோப்பையில் எத்தனை கிராம் என்று முகந்தவனுக்கும் தெரியாது, கலக்கியவனுக்கும் தெரியாது. அடுத்தவர் கண்ணில் படாமல் அதில் எதையும் போட்டுவிடவும் முடியும். இந்தத் தாளில் நான் முணுமுணுக்காமல் ஒப்புக்கொள்ளும் விதி இதுதான். ஸ்டான்ஃபோர்டு 2016ல் இன்னும் ஒரு படி போய், இளநிலை மாணவர் விடுதிகளில் 750 மில்லியும் அதற்கு மேலுமான சாராய பாட்டில்களையே தடை செய்தது. சின்ன பாட்டிலுக்குத் தடை இல்லை என்றது. நம் ஊர் குவார்ட்டர்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

4. நுழைவுக்கோ கோப்பைக்கோ காசு வாங்கலாகாது.

வாங்கினால் அது உரிமம் இல்லாத மதுக்கடை. 'கோப்பை ஐந்து டாலர், உள்ளே இருப்பது இலவசம்' என்னும் சாமர்த்தியமும் இதில் அடங்கும்.

5. மதுவல்லாத பானங்களும் உணவும் மதுவுக்கு இணையான கவர்ச்சியுடன், அதே இடத்தில், விருந்து முடியும்வரை இருத்தல் வேண்டும்.

'இணையான கவர்ச்சியுடன்' என்பது என் சரக்கல்ல. ஸ்டான்ஃபோர்டில் 'சமமாகக் கவரும் மதுவல்லாத பானங்கள்' என்றே பெயர் வைத்து, முதலெழுத்துகளைக் கோத்து 'ஈனாப்' என்று ஒரு சொல்லாகவே ஆக்கிவிட்டார்கள். அங்கே படித்தவர்கள் அதைக் கிண்டலாகச் சொல்வார்கள். விதி எழுதிய கை ஆளைப் படித்த கை. குடிக்காதவன் குழாய்த் தண்ணீர்க் கோப்பையோடு மூலையில் நின்றால் அரை மணியில் கூச்சத்துக்காகவாவது பீரைத் தொடுவான். எங்கள் நண்பனுடைய ஆய்வேட்டு விருந்தில் நன்னாரி சர்பத் வைத்தோம். பீர் மிஞ்சியது, சர்பத் மிஞ்சவில்லை.

6. பால்கனியில் ஒரே நேரத்தில் ஆறு பேருக்கு மேல் நிற்கலாகாது.

2015 ஜூன் 16, நள்ளிரவு தாண்டி, பெர்க்லி. வளாகத்துக்கு அருகிலிருந்த ஒரு தனியார் அடுக்ககத்தில் 21வது பிறந்தநாள் கொண்டாட்டம். கோடை வேலைக்கு வந்த அயர்லாந்து மாணவர்கள். பால்கனியில் பதின்மூன்று பேர் நின்றிருந்தபோது அது சுவரிலிருந்து பெயர்ந்து மடங்கியது. ஆறு பேர் இறந்தார்கள், ஏழு பேர் பலத்த காயமடைந்தார்கள்.

விசாரணையில் தெரிந்தது: பால்கனியைத் தாங்கிய மரக்கட்டைகள் ஈரம் தங்கி உளுத்துப் போயிருந்தன. கட்டி எட்டு ஆண்டுதான். அதன் பிறகே, அடுக்ககப் பால்கனிகளை ஆறாண்டுக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று கலிபோர்னியா 2018ல் சட்டம் போட்டது. இப்போது மூலத்தை மறுபடி படியுங்கள். மரம் உளுத்தது கட்டியவர் பிழை, பராமரித்தவர் பிழை. தாளில் எண்ணச் சொல்லியிருப்பது யாரை? எங்கள் ஆய்வேட்டு விருந்தில் பாதி நேரம் பால்கனிக் கதவோரம் நின்று 'அஞ்சு, ஆறு, நீ உள்ளே வா' என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

7. மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, புகை இயந்திரம் கூடா. புகையுணர்வியை மூடலாகாது.

கார்த்திகைக்கு பேட்டரி விளக்குதான் என்று பொருள். புகையுணர்வி விஷயம் நம்மவர்களுக்கு இன்னும் நெருக்கம். காய்ந்த மிளகாயைத் தாளித்தால் அது அலறும். அலறலுக்குப் பயந்து ஷவர் கேப்பை அதன்மேல் மாட்டிவிட்டு ரசம் வைக்கும் வழக்கம் எங்கள் மாடியில் மூன்று வீடுகளில் இருந்தது. ஒன்று எங்களுடையது. 2000 ஜனவரி 19 விடியற்காலை, நியூ ஜெர்சியின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் தீப்பிடித்தது. முதலாண்டு மாணவர் மூவர் இறந்தனர். அபாய மணி அடிக்கத்தான் செய்தது. அதற்கு முந்தைய மாதங்களில் பலமுறை பொய்யாகவே அடித்திருந்ததால் பலர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்கள். அறைகளில் தண்ணீர் தெளிப்பானும் இல்லை. அதன் பிறகே அந்த மாநிலம் விடுதிகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது. இதைப் படித்த அன்று ஷவர் கேப்பைக் குளியலறைக்கே திருப்பி அனுப்பினேன். தாளிப்பு ஜன்னலோரம் மின்விசிறி வைத்து நடந்தது.

8. இரவு 11 மணிக்கு மேல் ஓசை அறையைத் தாண்டலாகாது.

உரை வேண்டாம். தேர்வு வாரத்தில் இது 24 மணி நேரமும் அமல்.

9. ஒருவர் நினைவிழந்தால் உடனே 911 அழைக்க. அழைத்தவர்க்கும் நோயுற்றவர்க்கும் மது விதியின்படிப் பல்கலைக்கழக ஒழுங்கு நடவடிக்கை இல்லை.

கார்னெல் பல்கலைக்கழகம் 2002ல் இப்படி ஒரு விலக்கு கொடுத்தது; உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடின. அதுவரை சிலரை ஃபோனை எடுக்க விடாமல் தடுத்ததில் பயத்துக்கும் பங்கு இருந்தது. 'தூங்கினால் தெளிஞ்சிடும்' என்று ஓரமாகப் படுக்கவைப்பது உலகம் முழுக்க உள்ள மூடத்தனம். கடைசிக் கோப்பைக்குப் பிறகும் ரத்தத்தில் போதை ஏறிக்கொண்டே போகும். மல்லாந்து கிடந்தால் வாந்தி மூச்சுக்குழாயை அடைக்கும். 2017 பிப்ரவரியில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்க வீடொன்றில், நிறையக் குடிக்கவைக்கப்பட்ட 19 வயதுப் பையன் நிலவறைப் படியில் விழுந்தான். கூட இருந்தவர்கள் 911 அழைக்கக் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம் ஆயிற்று. அவன் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு அந்த மாநிலம் ராகிங்குக்கு எதிராக இயற்றிய சட்டம் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இனிச் சொல்லாராய்ச்சி. 'பல்கலைக்கழக' என்ற அடையைத் தாண்டிப் போகாதீர்கள். போலீஸுக்கும் விசா அதிகாரிக்கும் இந்த மன்னிப்பு செல்லாது. வெளிநாட்டு மாணவன் ஃபோனைக் கையில் எடுத்துவிட்டு ஒரு நொடி யோசிப்பது அதனால்தான். இன்னொன்று. 'அழைத்தவர்க்கும் நோயுற்றவர்க்கும்' என்பதில் உள்ளவை எண்ணும்மைகள். இரண்டோடு கணக்கு முடிந்தது. இரண்டாம் விதியிலிருந்து எல்லாச் சுமையும் ஏறிய விருந்தளிப்போருக்கு இந்த விதியில் இடமே இல்லை.

10. மறுநாள் காலை 10 மணிக்குள் இடம் தூய்மை செய்யப்படும். விருந்தினர் செய்கை அனைத்துக்கும் விருந்தளிப்போரே பொறுப்பு. கையொப்பம்:

ஆய்வேட்டு விருந்துக்கு மறுநாள் ஒன்பதரைக்கு அந்த உதவியாளர் பையன் அட்டையோடு வந்தான். வயது இருபது, சட்டப்படி அவனுக்கு எங்கள் வீட்டில் ஒரு வாய் பீர்கூடக் கிடையாது. இருபத்தேழு வயதான நான் சோபாவுக்கு அடியில் குனிந்து நசுங்கிய சிவப்புக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவன் கம்பளத்தைப் பார்த்தான், பால்கனியைப் பார்த்தான், புகையுணர்வியை அண்ணாந்து பார்த்தான். சர்பத் மிச்சமிருக்கிறதா என்று கேட்டான்.

கையொப்பக் கோட்டின் மேல் என் பெயர் தமிழில் இருக்கிறது. என் கூட்டாளியின் பெயர் தெலுங்கில். என்ன எழுதியிருக்கிறது என்று அலுவலகத்தில் யாரும் கேட்கவில்லை.